யானைக் கவசமும் முத்திரைத் துப்பாக்கியும்



படைக்கலங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் என்றால், வாளும் வேலும் வரிசையாய்த் தொங்கும் கூடந்தான் நம் மனக்கண்ணில் தோன்றும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1996ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ராயல் ஆர்மரிஸ் அருங்காட்சியகத்தில் அத்தகைய காட்சிகள் நிறைய உண்டு. ஆனால் இன்று நாம் பேசவிருப்பது, பார்வையாளர் கண்ணில் படாமல் அங்கே நடக்கும் வேலையைப் பற்றி.

அங்குள்ள யானைக் கவசத்தையே எடுத்துக்கொள்வோம். 1600ஆம் ஆண்டையொட்டி இந்தியாவில் செய்யப்பட்டது அது. சென்னையில் ஆளுநராக இருந்த எட்வர்ட் கிளைவின் மனைவி அதை 1801இல் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். 5,840 தகடுகளை இரும்பு வளையங்களால் கோத்திருக்கிறார்கள்; எடை 118 கிலோகிராம். வலப்புறத்தில் சில பகுதிகள் இன்று இல்லை. எஞ்சியதை எண்ணியும் நிறுத்தும் பார்த்து, முழுக் கவசம் 159 கிலோகிராம் இருந்திருக்கும் என்று அறிஞர்கள் கணித்திருக்கிறார்கள். இடப்பக்கம் வலப்பக்கத்துக்குச் சாட்சி சொல்கிறது! பெரிய பாரமென்று நமக்குத் தோன்றும். யானைக்கோ அது இரண்டு ஆள் சுமைதான்.

இப்படிக் கணக்கிட வேண்டுமானால் பொருள் பழுதுபடாமல் இருக்க வேண்டும். பழைய இரும்பைக் கண்டதும் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கும் ஆசை நம்மில் பலருக்கு உண்டு. தேய்த்தால் துரு மட்டுமா போகிறது? கொல்லன் பொறித்த அடையாளம், சம்மட்டி பட்ட தடம், உருக்கின் மேல் ஓடும் நீரலை போன்ற வரிகள் யாவும் மங்கிவிடும். நம் நாட்டுக் கிரிஸ் கத்திக்கும் இதே கதிதான். ஆகவேதான் அருங்காட்சியகப் பராமரிப்பாளர்கள் உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு சிறிது சிறிதாகத் துருவை அகற்றுகிறார்கள். ஊடுகதிர்ப் படம் எடுத்தால், பிரிக்காமலே உள்ளிருக்கும் ஒட்டுகளையும் விரிசல்களையும் காணலாம்.

அதே நிறுவனத்தின் பொறுப்பில் துப்பாக்கிகளுக்கென்று ஒரு தனித் தொகுப்பும் இருக்கிறது. முற்காலத்தில் பிரிட்டிஷ் அரசு, ஒரு துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்து முத்திரையிட்டு வைக்கும். தொழிற்சாலைகள் அதைப் பார்த்தே மற்றவற்றைச் செய்ய வேண்டும். அந்த மாதிரிகளைப் பாதுகாத்த அறை முன்பு என்ஃபீல்டில் இருந்தது. பின்னர் நாட்டிங்ஹாமுக்குப் போய், 2005இல் லீட்ஸுக்கு வந்து சேர்ந்தது. எங்கேனும் அடையாளம் தெரியாத துப்பாக்கி அகப்பட்டால், அது எந்த வகை, எங்கே செய்யப்பட்டது, பின்னால் யாரேனும் மாற்றினார்களா என்பதை இத்தொகுப்போடு ஒப்பிட்டு நிபுணர்கள் சொல்லிவிடுவார்கள். படம் பார்த்துச் சொல்வது வேறு, அசலைப் பக்கத்தில் வைத்துச் சொல்வது வேறு அல்லவா?

ஆய்வாளர்களுக்கு நூலகமும் ஆவணக் காப்பகமும் அங்கே உண்டு. ஆனால் நினைத்த நேரத்தில் நுழைந்துவிட முடியாது. எதைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.