வட்டைப் பறவைகளும் எமது பிள்ளைகளும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் தமது வகுப்புத் தோழிகள் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 



நூற்றாண்டு விழாவில் வைத்தியர் ஒருவர் பேசப் போகிறார் என்றதும் நீரிழிவு, இரத்த அழுத்தம் என்றுதான் பலரும் எதிர்பார்த்திருப்பீர்கள். சங்கம் எங்கள் வகுப்பிடம் கேட்டது வேறொன்று. "நீங்கள் சில வருடங்களாகப் பறவை பார்க்கப் போய் வருகிறீர்களாம். அதைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்கள். ஆகவே எங்கள் ஒன்பது பேர் சார்பிலும் இந்த உரை. எங்களில் மூவர் வைத்தியர்கள். மற்றவர்கள் ஆசிரியைகள், ஒருவர் வங்கி அதிகாரி, இருவர் இல்லத்தரசிகள். எங்களில் யாரும் பறவையியல் படித்தவர்கள் அல்லர்.

நாங்கள் இந்தப் பாடசாலையில் படித்த காலம் யுத்த காலம். 1985 முதல் 2003 வரை குமண வனம் மூடப்பட்டிருந்தது. நாங்கள் முதலாம் ஆண்டில் சேர்ந்ததிலிருந்து உயர்தரம் எழுதி வெளியேறும் வரை அதன் வாயில் ஒருநாளும் திறந்திருக்கவில்லை. கல்விச் சுற்றுலா என்றால் இரவிரவாகப் பஸ்ஸில் போய், தெஹிவளை மிருகக்காட்சிசாலையில் கூழைக்கடாவையும் நாரையையும் வேலிக்குள் பார்த்து வருவோம். அதே கூழைக்கடா பொத்துவில் களப்பில் இறங்குகிறது என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

இன்று நிலைமை வேறு. கல்முனையிலிருந்து பொத்துவில் சுமார் 70 கிலோமீற்றர். அங்கிருந்து அறுகம்பை, பாணமை, உகந்தை. உகந்தையில்தான் குமண தேசிய பூங்காவின் வாயில். 1938 இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. 1970 இல் யால கிழக்கு தேசிய பூங்காவானது. 2006 இல் குமண என்ற பெயரைப் பெற்றது. 2010 இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. அங்கு 250க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியுள்ளன. உள்ளே குமண வில்லு என்றொரு கண்டல் சதுப்பு, சுமார் 200 ஹெக்டயர். ஏப்ரல் பிறந்து ஜூலை வரும் வரை நாரைகளும் கொக்குகளும் கரண்டிவாயன்களும் நீர்க்காகங்களும் அங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் அடியார்களும் ஆண்டுதோறும் அந்தக் காட்டு வழியைத்தான் கடக்கிறார்கள்.

இந்தக் கூட்டைப் பார்க்கத்தான் வெளிநாட்டவர்கள் பல்லாயிரம் கிலோமீற்றர் கடந்து வருகிறார்கள். இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை இனங்கள் மட்டும் 30க்கு மேல் நமது நாட்டில் இருக்கின்றன. வடக்கே சைபீரியா, மத்திய ஆசியா வரை இருந்து குளிருக்குத் தப்பி வரும் பறவைகளுக்கும் இதுதான் கடைசித் தரிப்பிடம். நமக்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரை கடல்தான். இந்த இரண்டு காரணங்களாலும் ஆசியாவின் பறவைச் சுற்றுலாவில் இலங்கைக்கு ஒரு முக்கிய இடம் உண்டு.

வழிகாட்டியோடு போகும் பயணம் எப்படி நடக்கிறது என்று பலர் எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். சுபஹ் தொழுதவுடன் புறப்பட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பறவை அடங்கிவிடும். சிவப்பு, பளிச்சென்ற மஞ்சள் உடுப்பு வேண்டாம் என்பார்கள். நாம் வழக்கமாக அணியும் கறுப்பு, சாம்பல் நிறங்களை யாரும் குறை சொன்னதில்லை. ஜீப்பை விட்டு இறங்க அனுமதித்த இடங்களில் மட்டுமே இறங்கலாம். கூட்டுக்குக் கிட்டப் போகக் கூடாது. நல்ல வழிகாட்டி பறவையின் குரலைக் கைபேசியில் ஒலிக்கவிட்டு அதை ஏமாற்றி வெளியே அழைக்கவும் மாட்டார். குஞ்சுக்கு இரை தேடும் நேரத்தை அது வீணாக்கும்.

நாங்கள் முதலில் கற்றுக்கொண்ட பாடம், வழிகாட்டிக்குக் கண்ணை விடக் காதுதான் முக்கியம் என்பது. தீபால் வரகாகொட என்ற பறவை வழிகாட்டி 1995 இல் மழைக்காட்டில் பழக்கமில்லாத ஓர் ஆந்தைக் குரலைக் கேட்டார். ஆறு ஆண்டுகள் அதை மனத்தில் வைத்திருந்து, 2001 ஜனவரியில் சிங்கராஜக் காட்டில் அந்த ஆந்தையை நேரில் கண்டார். 2004 இல் அது புதிய இனமாக உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1868க்குப் பிறகு இலங்கையில் கண்டுபிடிக்கப்பட்ட முதலாவது புதிய பறவை இனம் அதுதான்.

இனி எங்கள் விடயத்துக்கு வருகிறோம். ஒரு பயணத்தில் எங்கள் தோழி ஒருவரின் உம்மாவும் வந்தார். எழுபது வயது தாண்டியவர். முதலில் "கொக்குப் பாக்கவா புள்ள இவ்வளவு தூரம் போற?" என்று சிரித்தவர்தான். எங்களோடு வந்த வழிகாட்டி திறமையானவர். ஒவ்வொரு பறவைக்கும் ஆங்கிலப் பெயரும் சிங்களப் பெயரும் சொன்னார். தமிழ்ப் பெயர் அவருக்குத் தெரியாது. பின் இருக்கையில் இருந்த உம்மா ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். உள்ளான். கானாங்கோழி. செண்பகம். பஞ்சுருட்டான். ஒரு பறவை கத்திக்கொண்டு எழும்பியபோது, "இது ஆட்காட்டி. வட்டைக்குள்ள ஆள் வந்தா இதுதான் முதல்ல சொல்லும். இது கத்தினா வாடியில இருந்து வாப்பா எழும்பிப் பாப்பாரு" என்றார். சற்று நேரத்தில் வழிகாட்டி குறிப்புப் புத்தகத்தை எடுத்து உம்மா சொன்ன பெயர்களை எழுதத் தொடங்கிவிட்டார்.

அவர் எங்கே படித்தார்? வேளாமை வெட்டுக் காலத்தில் வாப்பாவுக்குச் சோறு கொண்டுபோன வழியில் படித்தார். 1955 இல் ஜி. எம். ஹென்றி இலங்கைப் பறவைகள் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய புகழ்பெற்ற கையேட்டில் தமிழ்ப் பெயர்களும் உண்டு. நம்மவர்கள் வாயிலிருந்து வந்த பெயர்கள் நூலில் ஏறிவிட்டன. நம் பிள்ளைகளின் வாயில்தான் இல்லை. மாலையும் காலையும் நேரம் தவறாமல் கூவுவதால் ஆறுமணிக் குருவி என்று பெயர் பெற்ற வண்ணப் பறவை, இமயமலை அடிவாரம் வரை இருந்து குளிர்காலத்தில் நம் வளவுகளுக்கு வருகிறது. ஸூரா நம்லில் ஸுலைமான் நபிக்குச் செய்தி கொண்டுவந்த ஹுத்ஹுத் பறவையை ஓதும் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அது நம் பகுதியில் தரையில் மேயும் கொண்டலாத்திதான் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

எங்கள் பயணங்களில் பல வழிகாட்டிகளைச் சந்தித்தோம். பொத்துவில் களப்பில் மீனவர்களே தோணி வலித்துக் கண்டல் காட்டுக்குள் கூட்டிப்போகிறார்கள். கல்லோயாவில் சேனாநாயக்க சமுத்திரத்தில் படகில் போய்ப் பறவைகள் அடையும் தீவைப் பார்த்தோம். சம்மாந்துறை வயலுக்கும் கல்முனை வயலுக்கும் பாய்வது அந்தக் குளத்து நீர்தான். எல்லா இடத்திலும் நல்ல மனிதர்கள். ஆனால் தமிழ் பேசும் பெண் வழிகாட்டி ஒருவரைக்கூட நாங்கள் எங்கும் காணவில்லை. பெண்களாகக் குழுவாகப் போகும் எங்களைப் போன்றோருக்கு அப்படி ஒருவர் எவ்வளவு வசதி என்று சொல்லத் தேவையில்லை. நம் ஊர்களின் பெண்கள் பலர் சுற்றுலா போகத் தயங்குவதற்கும் அது ஒரு காரணம்.

"இதெல்லாம் நம் பிள்ளைகளுக்குச் சரிவருமா?" என்று கேட்பவர்களுக்கு இரண்டு ஊர்களின் கதையைச் சொல்கிறோம். இந்தியாவின் ஒடிசாவில் சில்கா களப்பின் கரையில் மங்களாஜோடி என்ற கிராமம். பறவை வேட்டையாடிப் பிழைத்த ஊர். அந்த வேட்டைக்காரர்களே இன்று தோணி வலித்துப் பறவை காட்டும் வழிகாட்டிகள். பறவை எங்கே ஒளியும் என்று அவர்களை விடத் தெரிந்தவர் யார்?

மற்றது அசாம். அங்கே ஹர்கிலா என்ற பெருநாரையை அபசகுனம் என்று வெறுத்து, அது கூடு கட்டும் மரங்களை வெட்டினார்கள். பூர்ணிமா தேவி பர்மன் என்ற ஆய்வாளர் கிராமத்துப் பெண்களைச் சேர்த்தார். அந்தப் பெண்கள் கூடுள்ள மரங்களைக் காத்தார்கள். அந்த நாரையின் உருவத்தைத் தறியில் நெய்து துணியாக விற்றார்கள். 2022 இல் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் அமைப்பு பூர்ணிமாவுக்கு உயர் விருது வழங்கியது. தறி என்றதும் மருதமுனைச் சகோதரிகள் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. ஆட்காட்டியும் மீன்கொத்தியும் உங்கள் சாரிக் கரையில் ஏறக் கூடாதா?

ஆனால் வழிகாட்டி இருந்து, காட்டுவதற்குப் பறவை இல்லாமல் போனால்? குமண வேலியிட்ட காடு. நம் வீட்டுக்குப் பின்னாலுள்ள கரைவாகு வட்டைக்கு வேலி இல்லை. கடலுக்கும் வட்டைக்கும் இடையே ஒடுங்கிய நிலத்தில் நெருங்கி வாழ்கிறோம். பிள்ளைகளுக்குச் சீதனமாக வீடு கொடுக்க வேண்டிய சமூகம். சுனாமியில் வீடிழந்தவர்களுக்கு நிலம் வேண்டியிருந்தது. இவை பொய்யான தேவைகள் அல்ல. ஆயினும் லொறி லொறியாக மண் கொட்டி வட்டையை நிரப்பும்போது, மழை நீர் போய்த் தங்கும் இடத்தையும் சேர்த்தே நிரப்புகிறோம். 2024 நவம்பர் வெள்ளத்தில் மாவடிப்பள்ளி வீதி நீரில் மூழ்கியபோது நடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை.

வைத்தியர்களான எங்களிடம் பலர் சொல்வது, "சதுப்பு இருந்தால் நுளம்பு, நிரப்பினால் நல்லதுதானே டொக்டர்?" என்று. டெங்கு நுளம்பு மீனும் தவளையும் உள்ள வட்டை நீரைத் தேடிப் போவதில்லை. நாம் வட்டை ஓரத்தில் வீசும் யோகட் கோப்பை, சிரட்டை, பழைய டயர், பொலித்தீன் ஆகியவற்றில் தேங்கும் தெளிந்த நீரில்தான் அது முட்டையிடுகிறது. நிரப்ப வேண்டியது வட்டையை அல்ல. அகற்ற வேண்டியது குப்பையை. இன்னொன்று: "நடவுங்கள்" என்று நாங்கள் சொல்லும்போது "எங்கே நடக்கிறது?" என்று கேட்கும் நீரிழிவுள்ள சகோதரிகளுக்கு, வட்டை வரம்பில் பறவை பார்த்து நடப்பதை விட நல்ல மருந்து எங்களிடம் இல்லை.

நூற்றாண்டு நினைவாக எங்கள் வகுப்பு மூன்று விடயங்களைச் சங்கத்தின் முன் வைக்கிறது.

முதலாவது, பாடசாலையில் ஒரு பறவைக் கழகம். ஆறு பைனோகுலர்களை எங்கள் வகுப்பு வாங்கித் தரும். டோஹாவிலும் லண்டனிலும் மெல்பேர்னிலும் இருக்கும் சகோதரிகள் விடுமுறைக்கு வரும்போது ஆளுக்கொன்று கொண்டுவந்தால் ஒரு வகுப்புக்கே போதும். பயிற்சிக்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1976 இல் பேராசிரியர் சரத் கொட்டகம தொடக்கிய களப் பறவையியல் குழுவையும், சம்மாந்துறையிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்தையும் கேட்கலாம்.

இரண்டாவது, உயர்தரம் முடித்த பிள்ளைகளில் இருவருக்கு ஆண்டுதோறும் புலமைப்பரிசில். சுற்றுலா வழிகாட்டிக்கு அரச அனுமதிப்பத்திரம் உண்டு. தேசிய வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி என்று தரங்கள் உண்டு. பயிற்சிச் செலவைச் சங்கம் ஏற்கட்டும். டொக்டர், டீச்சர் என்ற இரண்டு கனவுகளோடு மூன்றாவதாக இதுவும் இருக்கட்டும். உம்மாமாரின் சம்மதத்தைப் பெறும் பொறுப்பை நாங்கள் எடுக்கிறோம். முதல் பயணத்தில் அவர்களையும் ஜீப்பில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது.

மூன்றாவது, கணக்கெடுப்பு. 1987 முதல் ஆசிய நாடுகளில் ஆண்டுதோறும் ஜனவரியில் நீர்ப்பறவைகளை எண்ணி வருகிறார்கள். நம் வட்டையையும் நம் பிள்ளைகள் எண்ணட்டும். எத்தனை உள்ளான், எத்தனை தாரா, எத்தனை நாரை என்று பத்து வருடக் கணக்கு கையில் இருந்தால், நாளை யாராவது "அது வெறும் சதுப்பு" என்று மண் கொட்ட வரும்போது பிரதேச செயலகத்தில் வைத்துப் பேச நமக்கு ஓர் ஆவணம் இருக்கும். வெறும் மனவருத்தத்தை யாரும் கோப்பில் சேர்ப்பதில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் மூத்த உம்மாமார், அம்மம்மாமார் இருந்தால், இன்றிரவே அவர்களுக்குத் தெரிந்த பறவைப் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். தமிழ் வீடாகட்டும், முஸ்லிம் வீடாகட்டும், ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் பரவாயில்லை, எல்லாவற்றையும் எழுதுங்கள். பட்டியலைச் சங்கச் செயலாளரிடம் சேர்ப்பியுங்கள்.

ஜனவரி இரண்டாம் வாரச் சனிக்கிழமை காலை 6 மணிக்குப் பாடசாலை வாயிலில் எங்கள் வகுப்பு நிற்கும். மாரிகாலம், குடையும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டு வாருங்கள். உம்மாமாரையும் கூட்டி வாருங்கள்.