“பால் போதுதா?”

நான் டூலா. டாக்டரோ நர்ஸோ இல்லை. பிரசவமான பெண்ணுக்குப் பக்கத்துணையாக இருப்பவள்.

முதல் இரண்டு மூன்று நாள் சுரப்பது சீம்பால். கொஞ்சமாகத்தான் வரும், பிறந்த குழந்தையின் வயிறும் சின்னதுதானே! பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் “பால் போதுதா?” என்றே கேட்க, அவள் பயந்துபோய்ப் பவுடர் டப்பாவைத் திறந்துவிடுகிறாள்.

அவள் முதுகுக்குத் தலையணை வைப்பேன். குழந்தை காம்பை மட்டும் கவ்வாமல் சுற்றியுள்ள கருவளையத்தையும் சேர்த்துக் கவ்வுகிறதா என்று பார்ப்பேன். ஐந்தாம் நாளுக்குப் பிறகு தினம் ஆறு முறையாவது சிறுநீர் போகாவிட்டால், உடனே டாக்டரிடம் அனுப்பிவிடுவேன்.

உங்கள் பக்கத்து ஃபிளாட்டில் குழந்தை பிறந்தால், காலிங் பெல்லை அழுத்தாதீர்கள். ரசம் சாதத்தை வாசலில் வைத்துவிட்டு மெசேஜ் போடுங்கள்.