விதி போனது, முகக்கவசம் போகவில்லை

கொரோனாவுக்காக முகக்கவசம் போடுவதும் விடுவதும் இனி அவரவர் விருப்பம் என்று ஜப்பான் அரசு சொன்னது 2023 மார்ச் 13 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆனால் அன்று காலை டோக்கியோவில் வேலைக்குக் கிளம்பியவர்களில் பெரும்பாலோர் முகக்கவசத்தோடுதான் இருந்தார்கள். இத்தனைக்கும், போடாவிட்டால் அபராதம் என்று அங்கே சட்டமே இருந்ததில்லை!

காரணங்களில் ஒன்று, மரம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மரத்தேவைக்காக மலைச்சரிவெங்கும் சுகி என்ற ஊசியிலை மரத்தை நட்டார்கள். அது வளர்ந்து, இளவேனில் வந்தால் மகரந்தத்தைக் காற்றில் கொட்டுகிறது. ஊரே தும்முகிறது, கண் அரிக்கிறது. அதனால் கொரோனாவுக்கு வெகுகாலம் முன்பே மார்ச் மாதம் அங்கே முகக்கவச மாதம்தான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். தனக்குச் சளி பிடித்தால், பக்கத்தில் நிற்பவருக்குத் தொற்றக்கூடாதே என்று முகத்தை மூடிக்கொள்வது. யாரும் சொல்லிச் செய்வதல்ல. வீட்டில் பார்த்து வளர்ந்த பழக்கம்.

விதியைத் தளர்த்தியபோதும் மருத்துவமனை, முதியோர் இல்லம், நெரிசலான ரயில் ஆகிய இடங்களில் மட்டும் முகக்கவசம் அணியும்படி அரசு தொடர்ந்து கேட்டுக்கொண்டது.