பிறேக்கிலிருந்து காலை எடுத்தவள்

(பழைய மாணவிகள் சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓய்வுபெற்ற பின் செய்த புதிய காரியம் ஒன்றைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டார். மாடித்தோட்டம், யோகாசனம், வீணை என்று மற்றவர்கள் ஏற்கெனவே பேசிவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது இதுதான்: அறுபத்தொரு வயதில் கார்ப்பந்தயத் தடத்தில் வாகனம் ஓட்டப் பழகப் போனேன். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானும் சிரித்தேன். ஆனால் போனதற்கான காரணம் சிரிப்பானதல்ல.

2022 நவம்பர் மாதம், பின்னேர மழை. பேத்தியை வகுப்பிலிருந்து ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தையில் காலி வீதியால் வந்துகொண்டிருந்தேன். முன்னால் போன வான் திடீரென்று நின்றது. பிறேக்கை அமத்தினேன். காலுக்கடியில் கடகடவென்று ஏதோ உதைத்தது. பிறேக் உடைந்துவிட்டது என்று நினைத்துக் காலை எடுத்தேன், திரும்ப அமத்தினேன், திரும்பவும் உதைத்தது, திரும்பவும் எடுத்தேன். அதற்குள் வானின் பின்புறத்தில் போய் முட்டிவிட்டேன். ஒருவருக்கும் காயமில்லை. ஒரு லைற்றும் முன் பம்பரும் போனது. பின் இருக்கையில் இருந்த பிள்ளை அழவில்லை, கத்தவில்லை, "அம்மம்மா, ஏன் நிக்கேல்லை?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

காரை கராஜில் விட்டேன். பிறேக்கில் ஒரு பிழையும் இல்லை என்றார்கள். நம்பாமல் வேறொரு கராஜுக்குக் கொண்டுபோனேன். அங்கும் அதையே சொன்னார்கள். சொன்ன பையன் என்னைப் பார்த்த பார்வையில் 'ஆன்ரிக்கு வயது போயிட்டுது' என்று எழுதியிருந்தது. ரொறன்ரோவிலிருந்து மகன் எடுத்தான். "அம்மா, இனிக் காரை வித்துப்போடுங்கோ, ஓட்டோவிலை போங்கோ" என்றான். மகளும் அதற்கு ஓம். முடிவு எடுத்தாகிவிட்டது, எனக்கு அறிவிக்கிறார்கள், அவ்வளவுதான்.

காரை விற்பது சும்மா காரியமல்ல. இவர் போன பிறகு, மருந்துக்கோ கோயிலுக்கோ கொட்டாஞ்சேனையில் இருக்கும் மாமியைப் பார்க்கவோ ஒருவரிடமும் கேட்காமல் போய்வர என்னிடம் இருந்தது அந்தச் சாவி ஒன்றுதான். பெற்றோலுக்கு நாள் கணக்காய் வரிசையில் நின்ற காலத்திலும் விற்காத கார். இப்போது பிறேக் பிடிக்கத் தெரியாதவள் என்று விற்பதா?

நான் கார் பழகியது 1981இல், அப்பாவிடம். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீடு. அப்பா துறைமுகத்தில் லிகிதர். பழைய மொறிஸ் மைனர் ஒன்று வைத்திருந்தார். ஞாயிறு விடியற்காலையில், பூசைக்குப் போகிறவர்கள் புனித லூசியாஸ் பேராலயப் பக்கம் நடக்கத் தொடங்குமுன், காலிமுகத்திடல் வரை என்னை ஓட்டவிடுவார். ஜம்பட்டா வீதியில் ஒரு பெட்டை கார் ஓட்டுகிறாள் என்று கடைக்காரர் வெளியில் வந்து பார்த்த காலம். அப்பாவுக்கு ஒரே மந்திரம்: "பிறேக்கை மிதியாதை, தடவு. அமத்து, விடு, அமத்து, விடு." மழையில் ஒரேயடியாய் மிதித்தால் சில்லு இறுகி நிற்கும், கார் வழுக்கிக்கொண்டு போகும் என்பார். 83 ஜூலையில் அந்தக் கார் வாசலிலேயே எரிந்தது. தங்கச்சி குடும்பம் சென்னைக்குப் போனது. அப்பா அதற்குப் பிறகு கார் வாங்கவில்லை. அந்த மந்திரம் மட்டும் என் காலில் தங்கிவிட்டது. சோதனைச் சாவடிகளில் உள்விளக்கைப் போட்டு ஊர்ந்து போன வருடங்களிலும் அந்தக் கால்தான் ஓட்டியது. 2011இல் தெற்கு அதிவேகப் பாதை திறந்தபோது மட்டும் அதற்குள் நுழையத் துணிவு வரவில்லை.

நடந்ததைத் தங்கச்சியின் மகளிடம், என் பெறாமகளிடம், தொலைபேசியில் சொன்னேன். அவள் சென்னையில் பிறந்து வளர்ந்தவள், கார்ப் பைத்தியம். "பெரியம்மா, விக்காதீங்க. இங்க வாங்க, ஒரு நாள் கோர்ஸ் இருக்கு, நான் பணம் கட்டிட்டேன்" என்றாள். விசா எடுத்து, 2023 பெப்ரவரியில் போனேன். மகனுக்குச் சொன்னது: தங்கச்சியைப் பார்க்கப் போகிறேன்.

இடம் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை. சென்னையிலிருந்து பெங்களூர் போகும் பெருவீதியில், கார்த் தொழிற்சாலைகளுக்கு நடுவில். 3.7 கிலோமீற்றர் தடம், பன்னிரண்டு வளைவுகள், 1990இல் திறந்தது. அதற்கு முன் சென்னைப் பந்தயங்கள் சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதையில் நடந்தன. நம்முடைய கட்டுக்குருந்தையும் அப்படித்தானே? போருக்காகப் போட்ட விமானத்தளத்தில் கார் விட்டார்கள். நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே நடக்கிறது. சித்திரை விடுமுறைக்குப் போன எங்களில் எத்தனை பேர் அந்த இரைச்சலைக் கேட்டு முகம் சுளித்திருப்போம்! சாதாரண ஆட்களையும் இருத்தி வைத்துப் பந்தய ஓட்டம் படிப்பிக்கும் வழக்கம் இங்கிலாந்தில் ஜிம் ரசல் தொடங்கிய பள்ளியோடு பரவியது. பந்தயக்காரர் ஆவதற்கு என்று தொடங்கியது, இப்போது வீதியில் ஒழுங்காய் ஓட விரும்புகிறவர்களுக்கும் நடத்துகிறார்கள். நான் போன பள்ளியின் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் விளம்பரமாகிவிடும்.

மொத்தம் பதினான்கு பேர். பெண்கள் இரண்டு பேர், மற்றவள் என் பெறாமகள். எனக்கு அடுத்த வயதுக்காரருக்கு நாற்பது இருக்கும். பருத்திச் சல்வார், மூடிய சப்பாத்து, விபத்து நடந்தால் யாருக்கு அறிவிப்பது என்று ஒரு படிவம். அதில் மகனுடைய இலக்கத்தை எழுதக் கை வரவில்லை, தங்கச்சியுடையதை எழுதினேன். தலைக்கவசம் கொண்டைக்கு மேல் ஏறவில்லை. முப்பது வருடமாக இந்தக் கல்லூரி பார்த்த அந்தக் கொண்டையை அவிழ்த்துப் பின்னிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் ஒரு மணித்தியாலம் வகுப்பறை. ஆசிரியர் என் கடைசி மாணவியின் வயதுப் பையன். கதிரையில் எப்படி இருப்பது என்பதிலேயே இருபது நிமிடம் போனது. முதுகு முழுதாய்ப் படவேண்டும். தோள் சாய்ந்திருக்க, நீட்டிய கையின் மணிக்கட்டு ஸ்ரியறிங்கின் மேல் விளிம்பில் படவேண்டும். பிறேக்கை அடிவரை மிதித்தாலும் முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்கவேண்டும். கைகள் மணிக்கூட்டில் ஒன்பதும் மூன்றும் இருக்கும் இடத்தில். நாற்பது வருடமாக நான் ஸ்ரியறிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விளிம்பில் குந்தியிருந்திருக்கிறேன். அப்படி இருந்து பிறேக்கை முழுப் பலத்தோடு மிதிக்கவே முடியாது.

பிறகு அவர் பலகையில் ஒரு வட்டம் கீறினார். எனக்கு உடல் சிலிர்த்தது. ரயர் நிலத்தைத் தொடுகிற இடம் ஓர் உள்ளங்கை அளவுதான். அந்த நாலு உள்ளங்கைகளும் தரக்கூடிய பிடிக்கு ஓர் எல்லை உண்டு. பிறேக், திருப்பம், ஆர்முடுகல் எல்லாம் அந்த ஒரே பிடியிலிருந்துதான் பங்கு எடுக்கவேண்டும். இரண்டு விசைகளின் விளையுள் வட்டத்துக்கு வெளியே போனால் வழுக்கும். பிள்ளைகளே, விசை இணைகரமும், உராய்வுக் குணகம் பெருக்கல் செவ்வன் மறுதாக்கமும்! உங்களுக்கு எத்தனை தரம் கீறிக் காட்டியிருப்பேன்? ஒரு நாளாவது அதற்கு மேலே இருந்துதான் கார் ஓட்டுகிறேன் என்று நினைத்ததில்லை. அவர் அதை வீட்டுச் செலவு மாதிரிச் சொன்னார்: சம்பளம் ஒன்று, பிறேக்குக்கு முழுவதும் கொடுத்தால் திரும்புவதற்குக் காசில்லை.

கணக்கு ஒன்றும் போட்டோம். உராய்வுக் குணகம் 0.8 என்று எடுத்தால், 40 கிலோமீற்றர் வேகத்தில் நிற்க ஏறக்குறைய 8 மீற்றர். 80 என்றால் 16 அல்ல, 31 மீற்றருக்கு மேல். வேகம் இரட்டித்தால் தூரம் நாலு மடங்கு. இதோடு, கண் கண்டு கால் அசைய ஒரு செக்கன் போனால், 60இல் அதற்குள்ளேயே 16 மீற்றருக்கு மேல் ஓடிவிடும். நனைந்த வீதியில் குணகம் 0.5 என்றால் 60இலிருந்து நிற்க இன்னும் 28 மீற்றர். அந்த நவம்பர் மாலையில் எனக்கும் அந்த வானுக்கும் நடுவே இருந்த இடைவெளியை நினைத்துக்கொண்டேன்.

மதியத்துக்கு முன் வெளியே. தண்ணீர் பவுசரால் நனைத்த தரை. 60இல் வந்து, ஆரஞ்சு நிறக் கூம்பைத் தாண்டியதும் பிறேக்கை முழுப் பலத்தோடு மிதித்து, நிற்கும்வரை காலை எடுக்கக்கூடாது. மிதித்தேன். காலுக்கடியில் கடகடவென்று உதைத்தது. எடுத்துவிட்டேன். கடைசிக் கூம்பு காருக்கு அடியில்.

"மேடம், ஏன் காலை எடுத்தீங்க?"

"சில்லு இறுகிப்போகுமெண்டு..."

சில்லு அவருக்கு விளங்கவில்லை. உடைந்த துண்டு என்று நினைத்துக் காருக்கு அடியில் குனிந்து பார்த்தார். வீல், தம்பி, வீல் என்றேன்.

பிறகு விளக்கினார். அந்த உதை பழுதல்ல. ஏபிஎஸ் என்ற பொறி வேலை செய்வதன் அடையாளம். சில்லு இறுகப்போகிறது என்று கண்டவுடன் அது பிறேக்கைத் தளர்த்தித் திரும்பப் பிடிக்கிறது, ஒரு செக்கனுக்குப் பத்துத் தடவைக்கு மேல். 1978இல் பென்ஸ் காரில் வந்தது, இன்று சின்னக் கார்களிலும் இருக்கிறது. "நீங்க கால்ல பண்றதை அது உங்களை விட வேகமா பண்ணுது, மேடம். நீங்க மிதிச்சிட்டுச் சும்மா இருந்தாப் போதும்."

அமத்து, விடு, அமத்து, விடு. அப்பா சொன்னதைத்தான் அந்தப் பெட்டி செய்கிறது. மொறிஸ் மைனரில் அப்படி ஒரு பெட்டி இல்லை, அதனால் அவர் என் காலுக்குள் ஒன்றை வைத்துவிட்டார். அப்பா சொன்னது பிழையில்லை, அவருடைய காருக்கு அது சரி. கார் மாறியது, ஒருவரும் என் காலுக்குச் சொல்லவில்லை. தலைக்கவசத்துக்குள் கண்ணைத் துடைக்க முடியாது என்பதையும் அன்றுதான் கண்டுகொண்டேன்.

அதற்குப் பிறகு ஒன்பது தரம் செய்தேன். மூன்றாவது வரை கால் எனக்கு முந்தி எடுத்துக்கொண்டது. நாலாவதில் வாய்விட்டு "எடாதை, எடாதை" என்று எனக்கே கத்தினேன். நின்றது. கடைசிக் கூம்புக்கு ஒரு கார் நீளம் முன்னால்.

பின்னேரம் தடத்தில் ஆசிரியரின் காரைப் பின்தொடர்ந்து சுற்றினோம். வளைவுக்கு முன்னமே நேர்கோட்டில் பிறேக்கை முடித்துவிட்டு, அகலமாய் நுழைந்து, உள்மூலையைத் தொட்டு, திரும்ப அகலமாய் வெளியேறுவது. கண் போகிற இடத்துக்குத்தான் கார் போகும் என்பதை அவர் வாய் ஓயாமல் சொன்னார். எனக்கு அது கடைசிவரை முழுதாய்ப் பிடிபடவில்லை. சுவரைப் பார்க்காதே என்றால் சுவரைத்தான் பார்க்கத் தோன்றுகிறது. ஆறாவது சுற்றில் வெயிலும் களைப்பும் சேர்ந்து தலை சுற்றியது. வெட்கப்படாமல் கையைக் காட்டி உள்ளே வந்துவிட்டேன்.

தேத்தண்ணீர் நேரத்தில் பெறாமகள் தன் நாயகிகளைப் பற்றிச் சொன்னாள். அவளுடைய ஊர்க்காரி அலிஷா அப்துல்லா, ஆண்களோடு ஓடித் தேசியச் சம்பியனானவர். 1981இல் சான்ரெமோ ரலியை வென்ற மிஷேல் மூத்தோன். நான் அப்பாவோடு காலிமுகத்திடலுக்கு ஊர்ந்துகொண்டிருந்த அதே வருடம்! 1975 ஸ்பானியப் பந்தயத்தில் ஆறாவதாய் வந்த லெல்லா லொம்பார்டி. ஓட்டத்தை இடையில் நிறுத்தியதால் அவருக்கு அரைப் புள்ளிதான் கொடுத்தார்கள். ஃபோர்முலா வண்ணில் புள்ளி எடுத்த பெண் இன்றுவரை அவர் ஒருவரே. அரைப் புள்ளிக்காக என் மேசையைச் சுற்றி நின்று வாதாடிய பிள்ளைகளே, உங்களை அங்கே நினைத்துக்கொண்டேன்.

கொழும்புக்குத் திரும்பி வந்ததும் கதிரையைச் சரியாக்கினேன். ஒரு ஞாயிறு காலை, வீதி வெறுமையாய் இருக்கும்போது, பேத்தியையும் ஏற்றிக்கொண்டு மெரைன் டிரைவுக்குப் போனேன். பின்னால் ஒருவரும் இல்லை என்று பார்த்து, அவளுக்கும் சொல்லிவிட்டு, 40இலிருந்து மிதித்தேன். உதைத்தது. வைத்திருந்தேன். நின்றது. "இப்ப விளங்குதோ, அண்டைக்கு ஏன் நிக்கேல்லை எண்டு?" என்று கேட்டு, உதைக்கிற பெட்டியைப் பற்றியும் அவளுடைய பூட்டனைப் பற்றியும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப அது காரிலை பிழையில்லை, உங்களிலையும் பிழையில்லை" என்றாள். இரண்டாவது பாதி முழு உண்மையல்ல. முன் வாகனத்துக்கு அவ்வளவு கிட்டப் போனது என் பிழைதான். அதையும் சொன்னேன்.

கார் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மகனிடம் உண்மையை ஒரு மாதம் கழித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன்னுடைய காரிலும் பனிக்காலத்தில் அந்த உதை வரும், தானும் காலை எடுப்பதுண்டு என்றான். கேட்டீர்களா?

கேள்வி நேரத்தில் கட்டாயம் ஒருத்தி கேட்பீர்கள், ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். நேர்ப்பாதையில் நான் எடுத்த ஆகக்கூடிய வேகம் மணிக்கு 118 கிலோமீற்றர். இந்த உரை மலரில் அச்சாகும் என்றால் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடும்படி மலராசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன். மகன் மலர் முழுவதையும் வாசிப்பான்.