பர்ளு கிபாயாவும் நமது சிற்றூர்களும்





மார்க்கக் கடமைகளில் பர்ளு ஐன், பர்ளு கிபாயா என இரு வகையுண்டு. ஐவேளைத் தொழுகை ஒவ்வொருவர் மீதும் தனித்தனியே விதியானது. ஜனாஸாவைக் குளிப்பாட்டுதல், கபனிடுதல், தொழுதல், அடக்குதல் ஆகியன சமூகத்தின் மீது விதியானவை. சிலர் நிறைவேற்றினால் ஏனையோரின் பொறுப்பு நீங்கும். எவருமே முன்வராவிடின், இயலுமாயிருந்தும் வாளாவிருந்த அனைவரும் பாவிகளாவர். பரீட்சைத் தாளில் இதனை எழுதப் பலருக்கும் தெரியும்.

இச்சட்டத்தின் கனம் பெருநகரத்தில் புலப்படுவதில்லை. கொழும்பில் ஒருவர் வராவிட்டால் பத்துப் பேர் வருவார்கள். முல்லைத்தீவின் தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும், கிளிநொச்சியின் நாச்சிக்குடாவிலும் அந்தப் பத்துப் பேர் யாவர்? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வடமாகாண முஸ்லிம்களுள், 2009இல் போர் முடிந்த பின் திரும்பியோர் பலருக்கு இன்றும் இரண்டு ஊர்கள். தகப்பனின் தொழில் இங்கே, பிள்ளைகளின் பாடசாலை புத்தளத்திலே. வீடு இருக்கிறது, கதவு பூட்டியிருக்கிறது. வேலை நாளொன்றில் லுஹருக்குப் பின் ஒரு மௌத்து நிகழ்ந்தால், கப்று வெட்ட மண்வெட்டியைத் தூக்கும் இளைஞர் எத்தனை பேர்?

பெண்களின் நிலையோ இன்னும் கவலைக்குரியது. பெண் ஜனாஸாவைக் குளிப்பாட்ட ஒரு மூதாட்டியையே முழு ஊரும் நம்பியிருப்பதுண்டு. அவரே நோயுற்றால்? இலந்தையிலை கலந்த நீரை எப்போது ஊற்றுவது, கற்பூரம் எந்தக் குளிப்பாட்டலில் சேர்ப்பது, பெண்ணுக்குரிய ஐந்து துணிகளை எந்த ஒழுங்கில் அணிவிப்பது என்பவை நூலில் வாசித்து மட்டும் கைவருவன அல்ல. தாய்மார்களே, உங்கள் மகள்மாரை அந்த உம்மாவின் அருகே நிற்கச் செய்யுங்கள். பயம் இரண்டாம் தடவையில் தானாகவே குறையும்.

"சாதாரண தரப் பரீட்சை வருகிறது, பிள்ளையைச் சிரமதானத்துக்கு அனுப்ப முடியாது" என்கிறார்கள் சில பெற்றோர். ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு மதீனாவில் அகழ் வெட்டப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் மேற்பார்வையாளராக நிற்கவில்லை. மண் சுமந்தார்கள், வயிற்றில் புழுதி படிந்தது. பள்ளிவாசலைக் கூட்டித் துப்புரவு செய்த ஒரு பெண் இரவில் இறந்து, எளியவர்தானே என்று அவர்களுக்கு அறிவிக்காமலே அடக்கப்பட்டார். அறிந்ததும் அவரது கப்றைத் தேடிச் சென்று தொழுதார்கள். சனிக்கிழமை காலையில் இரண்டு மணித்தியாலம் மையவாடியில் புல் வெட்டுவதால் எந்தப் பிள்ளையின் பெறுபேறும் குறைந்துவிடாது; கைத்தொலைபேசி அதைவிட அதிகம் பறிக்கிறது!

மற்றொன்று. நமது தொண்டு பள்ளிவாசல் மதிலோடு நின்றுவிடலாகாது. 1990இல் புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டு நமக்குச் சோறளித்தார்கள். நம் தமிழ் அயலவரும் 2009இல் செட்டிகுளம் முகாம்களில் உணவுக்காக வரிசையில் நின்றவர்களே. 2018 டிசம்பர் வெள்ளம் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் புகுந்தபோது வீட்டுக்காரரின் மதத்தைக் கேட்டுப் புகவில்லை. நபித்துவத்துக்கு முன், அநீதியிழைக்கப்பட்டோருக்குத் துணைநிற்க மக்காக் குறைஷியர் செய்த ஹில்புல் புளூல் உடன்படிக்கையில் நபியவர்கள் கலந்துகொண்டார்கள். இஸ்லாம் வந்த பின்னரும், அதற்கு மீண்டும் அழைக்கப்பட்டால் இணங்குவேன் என்றார்கள். ஆகவே பொதுக் கிணறு இறைக்கவோ, இரத்ததானத்துக்கோ அயலவர் அழைத்தால், "நமக்கென்ன" என்று இருப்பதற்கு மார்க்கத்தில் ஆதாரம் தேடாதீர்கள்.

பள்ளிவாசல் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். ஒரு தாளில், கப்று வெட்டக்கூடியவர், குளிப்பாட்டத் தெரிந்தவர், இரவில் வாகனம் தரக்கூடியவர், இன்ன வகை இரத்தம் உடையவர் எனப் பெயர்களை எழுதி வாசலில் ஒட்டுங்கள். குளிப்பாட்டும் பெண்களின் பெயர்கள் இமாமிடம் இருந்தால் போதும். அதில் தம் பெயர் எந்த வரியில் வரும் என்பதை ஒவ்வொரு வீட்டாரும் இன்றிரவு உணவின்போது பேசிக்கொள்ளுங்கள்.