பருவமும் பக்குவமும்

(கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் நமது அறக்கட்டளைச் செயலாளர் பெற்றோர்களிடையே ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு நேர்காணலில் நான் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன். பிளஸ் டூ முடித்த ஒரு பையன் வந்தான். தகப்பனார் இல்லை. மதிப்பெண் சுமார்தான், மோசமில்லை. "என்னவாகப் போறே தம்பி?" என்று கேட்டேன். "தெரியல" என்றான். மறுபடி கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு அதையே சொன்னான். படிவத்தில் "ஆர்வம் இல்லை" என்று எழுதினேன். அவனுக்கு உதவி கிடைக்கவில்லை. நான்கு மாதம் கழித்து ஒரு செல்போன் கடையில் அவனைப் பார்த்தேன். எழுந்து நின்று ஸலாம் சொன்னான். எனக்குத்தான் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து, கல்லூரியில் படித்த உளவியல் பாட நோட்டைத் தேடி எடுத்தேன். அதில் எரிக் எரிக்சன் என்று ஒருவர் வருவார். 1902-இல் ஜெர்மனியில் பிறந்தவர். பெற்ற தகப்பன் யாரென்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. மாற்றாந்தகப்பன் வீட்டில் வளர்ந்தார். பள்ளியில் யூதன் என்று கேலி செய்தார்கள். யூத ஆலயத்திலோ, பொன்னிற முடியும் நீலக் கண்ணுமாக இருக்கிறானே, நம்மவனா என்று கேலி. பள்ளிப் படிப்பு முடிந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல், படம் வரைந்துகொண்டு ஊர் ஊராகச் சுற்றினார். பட்டம் எதுவும் வாங்கவில்லை. அவர்தான் பிறகு அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியரானார். என் நேர்காணலுக்கு வந்திருந்தால் அவருக்கும் "ஆர்வம் இல்லை" என்றுதான் எழுதியிருப்பேன்.

1950-இல் வெளிவந்த நூலில் அவர் மனித வாழ்வை எட்டுப் பருவங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு பருவத்திலும் மனம் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு என்றார். பதின்ம வயதின் வேலை, நான் யார் என்று தேடுவது. தேடிக்கொண்டிருப்பவனிடம் போய்க் கேட்டால் "தெரியல" என்பதுதான் நேர்மையான பதில்.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது அவ்வளவு புதிதல்ல. நல்லது கெட்டது பிரித்தறிகிற வயதைத் தம்யீஸ் என்றும், வயதுக்கு வருவதைப் புலூக் என்றும், பக்குவத்தை ருஷ்து என்றும் ஃபிக்ஹு தனித்தனியாகவே வைத்திருக்கிறது. அநாதைகளின் சொத்தை ஒப்படைப்பது பற்றிச் சூரத்துன் நிஸாவில் வருமிடத்தில், வயது வந்தால் மட்டும் போதாது, ருஷ்து இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்றிருக்கிறது. பக்குவம் வராதவனின் சொத்தை 25 வயது வரை நிறுத்தி வைக்கலாம் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. பின்விளைவை யோசித்து முடிவெடுக்க உதவும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கிறது என்கிறார்கள் இன்றைய மருத்துவர்கள். உடனே "நாங்கள் அன்றே சொன்னோம்" என்று மார்தட்ட வேண்டாம். அங்கே பேச்சு சொத்தைப் பற்றி, இங்கே மூளையைப் பற்றி. ஆனால் மீசை முளைத்த அன்றே பக்குவம் வந்துவிடாது என்பது இரண்டிலும் தெளிவு. ஆகவே 16 வயதுப் பையன் கையில் பைக் சாவியைக் கொடுப்பதும் தவறு. ஒரு பாடத்தில் தோற்ற 17 வயதுப் பிள்ளையை "இனி தேறாது" என்று முடிவு கட்டுவதும் தவறு.

மற்றப் பருவங்களிலும் நாம் இதையேதான் செய்கிறோம். சவூதியிலிருந்து இரண்டு வருடம் கழித்து அத்தா வருகிறார். அவர் போனபின் பிறந்த குழந்தைக்கு ஒன்றரை வயது. ஆசையாகக் கையை நீட்டுகிறார். அது வீறிட்டு அழுது அம்மாவின் தோளில் முகத்தைப் புதைக்கிறது. "பெத்த அத்தாவையே தெரியலையா" என்று சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். அந்த மனிதர் ஒன்றும் பேசாமல் மாடிக்குப் போய்விடுகிறார். இந்த ஊரில் எத்தனை வீட்டில் இது நடந்திருக்கிறது!

குழந்தைக்கு இரத்த உறவு தெரியாது. யார் நாள்தோறும் தூக்கித் தேற்றுகிறார்களோ அவர்களிடம்தான் அது ஒட்டும். இங்கிலாந்தின் ஜான் பவுல்பி இதைத்தான் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தார். தெரியாத முகத்தைக் கண்டு அழுவது, தெரிந்த முகத்தில் அதற்குப் பற்று வந்துவிட்டது என்பதன் அடையாளம். அத்தாமார்களே, மனம் உடைந்து போகாதீர்கள். குழந்தையைப் பிடுங்கித் தூக்காதீர்கள். அதே பாயில் உட்காருங்கள். சோறு ஊட்டும்போது பக்கத்தில் இருங்கள். பந்தை உருட்டி விடுங்கள். அதுவாக வரும். ஸஜ்தாவில் இருந்தபோது பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொள்ள, நபி (ஸல்) அவர்கள் இறக்கிவிட அவசரப்படாமல் ஸஜ்தாவையே நீட்டினார்கள் என்ற செய்தி நாம் அறிந்ததுதானே.

பள்ளி வயதைப் பற்றி ஒன்றே ஒன்று. "என்னால் முடியும்" என்று அறிவதுதான் அந்த வயதின் வேலை. மாமி மகனோடு ஒப்பிட்டு அதைக் கெடுக்காதீர்கள்.

முதுமைக்கும் வேலை உண்டு. வாழ்ந்ததைத் திரும்பிப் பார்த்து, இதுதான் என் வாழ்க்கை என்று மனம் ஒப்புவது. நன்னி பழைய கதையைத் தொடங்கினால் "ஆரம்பிச்சுட்டாங்க" என்று எழுந்து போகிறோம். அவர் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறார். உட்கார்ந்து கேளுங்கள். ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதே கேள்வியைக் கேட்டாலோ, பழகிய தெருவில் வழி தவறினாலோ, வயசாயிடுச்சு என்று விடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அது வேறு விஷயம். முதுமையில் புதிதாகக் கற்கும் வேகம் குறையும். சொல்லும் அனுபவமும் வெகுகாலம் நிற்கும்.

அதனால் நிர்வாகக் குழுவில் பேசி இரண்டு முடிவு எடுத்திருக்கிறோம். படிவத்திலிருந்து "எதிர்கால லட்சியம்" என்ற கட்டத்தை நீக்கிவிட்டோம். "தெரியல" என்று சொல்லும் பிள்ளைகளை ஒரு மாதம் கழித்து மறுபடி அழைப்போம். அந்த ஒரு மாதத்தில், பணி ஓய்வு பெற்ற ஆசிரியர், நர்ஸ், எலெக்ட்ரீஷியன் என்று நம் ஜமாஅத்தில் உள்ள பெரியவர்களோடு அவர்கள் உட்கார்ந்து பேசட்டும். வர விருப்பமுள்ள பெரியவர்கள் அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். பெண்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு.

அந்தப் பையனைப் போன வாரம் கடையில் போய்ப் பார்த்தேன். என் தவறு என்று சொன்னேன். இந்த ஆண்டு சேர்கிறாயா என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். அவன் படிவம் என் மேசையில் இருக்கிறது.