ஒரே பணம், இரண்டு பெயர்
(சிங்கப்பூரில் ஆலயக் குடும்ப தினத்தன்று ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குடும்ப வரவு செலவைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். முப்பது ஆண்டுகள் வங்கியில் கணக்கு எழுதியவன் ஆகையால் வட்டி, சேமிப்பு, காப்புறுதி என்று ஏதாவது சொல்வேன் என நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் ஒரு திரைப்படத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். ஆலய மண்டபத்தில் சினிமாப் பேச்சா என்று பெரியவர்கள் கோபித்துக் கொள்ள வேண்டாம். அந்தப் படத்தில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

படத்தின் பெயர் 'சம்சாரம் அது மின்சாரம்'. 1986-ஆம் ஆண்டு ஏ.வி.எம். நிறுவனத்தார் தயாரித்தது. விசு அவர்களே எழுதி, இயக்கி, அம்மையப்ப முதலியார் என்னும் தந்தையாகவும் நடித்தார். இந்திய அரசின் தேசிய விருதையும் பெற்ற படம். மனோரமா அம்மாள் வரும் காட்சிகளைச் சொன்னால் இப்போதும் சிரிக்காதவர் இல்லை. ஆனால் நான் சொல்ல வந்தது சிரிக்கிற இடம் அல்ல.

முதலியார் குறைந்த சம்பளக் குமாஸ்தா. வேலைக்குப் போகும் பிள்ளைகளும் வீட்டுச் செலவுக்குப் பணம் தருகிறார்கள். மூத்த மருமகள் உமா பிரசவத்திற்காகத் தாய்வீடு போகிறாள். அந்த நேரத்தில் மூத்தவன் சிதம்பரம் தான் தருகிற தொகையைக் குறைத்து விடுகிறான். மனைவிதான் இங்கே சாப்பிடவில்லையே, அவள் பங்கை ஏன் தர வேண்டும் என்பது அவன் வாதம். தந்தை கேட்கிறார். வார்த்தை தடிக்கிறது. கடைசியில் வீட்டின் நடுவே கோடு கிழித்து இரண்டாக்கி விடுகிறார்கள்.

அன்பர்களே, வங்கிக்காரன் கண்ணால் பார்த்தால் சிதம்பரத்தின் கணக்கில் பிழை காண்பது கடினம். ஒரு வாய் குறைந்தால் அரிசி குறையும். ஆனால் வீட்டு வாடகை குறையுமா? விளக்கு பாதிதான் எரியுமா? எத்தனை பேர் இருந்தாலும் மாறாத செலவு என்று ஒன்று எல்லா வீட்டிலும் உண்டு. அதைக்கூட விட்டு விடலாம். எனக்குத் தோன்றுவது வேறு. மகன் கொடுத்த பணத்துக்கு அவன் மனத்தில் இருந்த பெயர் சாப்பாட்டுச் செலவு. வாங்கிக் கொண்ட தந்தையின் மனத்தில் அதற்குப் பெயர் பிள்ளையின் கடமை. ஒரே பணம், இரண்டு பெயர். கொடுக்கிற நாள் தோறும் இருவரும் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. உமாவை யாரும் கேட்கவும் இல்லை. யாருடைய சாப்பாட்டைக் கழித்தார்களோ அவளுக்கே தெரியாமல் கழித்தாயிற்று!

இனி என் பங்கைச் சொல்கிறேன்.

1988-இல் என் மனைவி தலைப்பிரசவத்திற்காக ஈப்போவில் உள்ள தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். நான் அம்மாவிடம் மாதந்தோறும் கொடுக்கும் பணத்தில் 150 வெள்ளியைக் குறைத்தேன். பிறக்கப் போகும் குழந்தைக்குச் சேர்த்து வைக்கிறேன் என்று எனக்கு நானே ஒரு சமாதானமும் சொல்லிக் கொண்டேன். அம்மா வாங்கி, எண்ணி, புடவைத் தலைப்பில் முடிந்து கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை.

அந்த மாதமே நண்பர் ஒருவர் இந்தப் படத்தின் வீடியோ நாடாவைக் கொடுத்தார். எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் அம்மாவும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். சிதம்பரம் பணத்தைக் குறைக்கும் கட்டம் வந்தது. அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய் விட்டார். நான் நாடாவை நிறுத்தவும் இல்லை, அம்மாவைக் கூப்பிடவும் இல்லை. தலையைக் குனிந்து கொண்டு மீதிப் படத்தைப் பார்த்தேன்.

மறுநாள் அவருடைய செலவு நோட்டை எடுத்துப் பார்த்தேன். பள்ளிக்கூடக் கோடு போட்ட நோட்டு. என் கைப்பணத்திலிருந்து மாதம் 50 வெள்ளி 'காப்பு' என்று ஒதுக்கியிருந்தார். குழந்தைக்குத் தங்கக் காப்பு! அந்த மாதம் மட்டும் அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்திருந்தார். குழந்தைக்கென்று நான் பிடித்துக் கொண்டது, குழந்தையின் காப்பைத்தான்.

"ஏம்மா சொல்லவில்லை?" என்றேன்.

"நீ கேட்கவில்லையே, தம்பி" என்றார்.

அன்றிரவு முதல் எங்கள் வீட்டில் பணத்தை வாய் விட்டுப் பேசும் வழக்கம் வந்தது. சம்பளம் வந்த வாரத்தில் நோட்டை நடுவில் வைத்து, இது வீட்டுக்கு, இது அம்மாவின் கைக்கு, இது குழந்தைக்கு என்று பெயர் சொல்லியே கொடுப்போம். ஊரிலிருந்து திரும்பிய பின் என் மனைவியும் உட்கார்ந்தாள். முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. ஆலயத்தின் வரவு செலவை ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்கிற நமக்கு வீட்டில் கேட்க நா எழுவதில்லை, பாருங்கள்.

சிங்கப்பூரில் 1995-இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் நிறைவேறியது. தம்மைத் தாமே காத்துக் கொள்ள இயலாத, 60 வயது கடந்த பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்கலாம். நல்ல சட்டம். ஆனால் என் தாயார் போன்றவர்கள் அந்தப் படி ஏறுவார்களா? நோட்டில் ஒரு கோடு இழுத்து விட்டுச் சும்மா இருப்பார்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். என் உறவில் ஒருவர் திருமணத்திற்கு முன்பு மத்திய சேமநிதிக்குத் தம் தாயை நியமித்திருந்தார். திருமணம் ஆனதும் பழைய நியமனம் தானே இரத்தாகி விடும் என்பது அவருக்குத் தெரியாது. புதிதாக எழுதவில்லை. திடீரென்று காலமானார். நியமனம் இல்லாத சேமநிதி, முஸ்லிம் அல்லாதோருக்குரிய வாரிசுச் சட்டப்படி பிரிக்கப்படும். பாதி மனைவிக்கு, பாதி பிள்ளைகளுக்கு. பிள்ளை இருந்தால் தாய்க்குப் பங்கில்லை. மகன் தனக்கென்று வைத்த பணம் என அந்தத் தாய் கடைசி வரை நம்பினார். மருமகள் ஒளித்து விட்டாள் என்றே எண்ணினார். அந்தப் பெண் ஒரு குற்றமும் செய்யவில்லை. இன்றும் இரண்டு வீட்டாருக்கும் பேச்சில்லை. இங்கே அமர்ந்திருப்பவர்களில் திருமணத்திற்குப் பின் நியமனத்தைப் புதுப்பிக்காதவர்கள் இருந்தால் இந்த வாரமே செய்து விடுங்கள். செய்ததை வீட்டில் சொல்லியும் விடுங்கள்.

படத்தின் முடிவில் உமா எல்லோரையும் சமாதானப்படுத்துகிறாள். ஆனாலும் மறுபடி ஒரே கூரையின் கீழ் வாழ அவள் சம்மதிக்கவில்லை. தனித்தனியே இருந்து, அன்போடு வந்து போவோம் என்கிறாள். அது சரியா தவறா என்று எங்கள் வீட்டில் நெடுநாள் விவாதம் நடந்தது. உமாவின் பக்கம் நின்றவர் என் அம்மாதான்!

அம்மா இப்போது இல்லை. நோட்டு என் மனைவியிடம் இருக்கிறது. 2013-இல் வேலைக்குப் போன என் மகன் முதல் சம்பளத்தில் ஒரு தொகையைக் கொண்டு வந்து வைத்தான். "இதற்கு என்ன பெயர் எழுதட்டும்?" என்று அவள் கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றான். அந்த வரியில் இன்னும் தொகை மட்டுமே இருக்கிறது. மாதாமாதம் கேட்டுக் கொண்டுதான் இருக்கிறோம்.